ஒரே ஆண்டில் பிறந்த பாகங்கள்

பழைய ஆங்கிலேய லைட்வெயிட் சைக்கிள்களை மீட்டமைக்கும் வேலையில், ஒரு பாகம் கைக்கு வந்தவுடன் அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பது முதற்பழக்கமாகிவிடுகிறது. நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செய்த பின்சக்கர ஹப்புகளின் ஓட்டில் மாதிரியின் பெயரோடு ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும், ‘ஏ.டபிள்யூ. 52 7’ என்று இருந்தால் அது 1952 ஜூலையில் செய்யப்பட்ட மூன்று கியர் ஹப் என்று பொருள். வில்லியம்ஸ் நிறுவனத்தின் கிராங்குகளிலும் பற்சக்கரங்களிலும் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகள் கண்ணில் படாத பின்பக்கத்தில் இருக்கும். ரெனால்ட்ஸ் குழாய்களில் ஒட்டப்பட்ட சின்னத்தின் வடிவம் அவ்வப்போது மாறி வந்ததால் அதுவும் காலத்தைச் சொல்லும். இந்த அடையாளங்களை நன்கு படிக்கத் தெரிந்த ஒருவர், பொறுமையும் பணமும் இருந்தால், 1951 ஆம் ஆண்டு ஃபிரேம் ஒன்றுக்கு 1951 ஆம் ஆண்டு ஹப், கிராங்க், பிரேக், பெடல், சேணம் ஆகியவற்றை மட்டுமே தேடிச் சேர்த்து, ஒரு திருகுகூடக் காலம் தப்பாத வண்டியாக அதை நிறுத்திவிடலாம். அத்தகைய வண்டியின் முன் நிற்பவருக்கு வியப்போடு ஓர் உறுத்தலும் எழுகிறது. எந்தப் பாகத்திலும் குறை சொல்ல இடமில்லாதபோதும், அது எவரோ ஏறி ஓட்டிய வண்டிதானா என்ற ஐயம் விலக மறுக்கிறது.

லைட்வெயிட் என்று சொல்லப்படுவது, பந்தயத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் ஏற்றவாறு எடையைக் குறைத்துச் சிறு பட்டறைகளில் கையால் கட்டப்பட்ட சைக்கிள். பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கனத்த ராடு பிரேக் வண்டியிலிருந்து அதைப் பிரிப்பது முதலில் குழாய்தான். குழாயின் வெளிவிட்டத்தை மாற்றாமல், இணைப்புக் கூட்டுக்குள் நுழையும் இரு முனைகளில் மட்டும் உட்சுவரைத் தடிப்பாக விட்டு நடுப்பகுதியை மெலிதாக்கும் ‘பட்டட்’ முறைக்கு ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897 இல் பர்மிங்ஹாமில் காப்புரிமை பெற்றார். அவர் தொடங்கிய நிறுவனம் 1935 இல் வெளியிட்ட மாங்கனீசு-மாலிப்டினம் எஃகுக் குழாயே ‘531’. அதில் செய்த மேற்குழாயின் சுவர் முனைகளில் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டரும் நடுவே அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய தடிமனும் உடையது. இந்த மெல்லிய குழாய்களை லக் எனப்படும் எஃகு இணைப்புக் கூடுகளுக்குள் பொருத்தி, உருகிய பித்தளையை இடுக்குகளில் ஓடவிட்டு ஒட்டுவதுதான் பிரேஸிங். சூடு மிஞ்சினால் எஃகின் வலு போய்விடும். குறைந்தால் பித்தளை உள்ளே போகாமல் விளிம்பிலேயே நின்றுவிடும். ஒட்டி முடித்த பின் லக்கின் ஓரங்களை அரத்தால் இழைத்து இழைத்துத் தாள்போல் ஆக்குவார்கள். இலை, ஈட்டி முனை, சுருள் என்று அதன் வெட்டுகளுக்குக் கட்டுபவரின் கையெழுத்து போன்ற ஒரு தனித்தன்மை இருந்தது. லண்டனின் டாட்டன்ஹாமில் ஹைமன் ஹெட்சின் நடத்திய கடையின் ஃபிரேம்கள், பின்சக்கரத்தை ஏந்தும் குழாய்களின் வளைவாலேயே தொலைவிலிருந்து அடையாளம் காணப்பட்டன. அவற்றைக் கட்டிய ஜாக் டென்னியின் அர வேலையை இன்றும் விரலால் தடவிப் பார்த்து மெச்சுபவர்கள் இருக்கிறார்கள். அது தகுதியான மெச்சுதல்தான்.

ஆனால் இந்தப் பட்டறைகள் விற்றது பெரும்பாலும் ஃபிரேமையும் ஃபோர்க்கையும்தான் என்பதை அடிக்கடி மறக்க நேர்கிறது. முழு வண்டியாக விலைப்பட்டியலில் இருந்தவையும் உண்டு என்றாலும், சைக்கிள் சங்கத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர், ஆலையிலோ அச்சகத்திலோ வேலை செய்பவர், தவணையிலோ சேமிப்பிலோ ஃபிரேமை வாங்கிவந்து, ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் சக்கரங்களை அதில் மாட்டி, நண்பர் கழற்றிப்போட்ட கிராங்கைப் பொருத்தி, அடுத்த சம்பளத்தில் புது பிரேக் வாங்கலாம் என்று விட்டுவைப்பதே வழக்கமாக இருந்தது. 1938 ஆம் ஆண்டு ஃபிரேமில் போருக்கு முந்தைய பெடலும் போருக்குப் பிந்தைய ஹப்பும் ஒரே நேரத்தில் இருந்தது விதிவிலக்கன்று, அதுவே நடைமுறை. போர்க்காலத்தில் நிக்கலும் குரோமியமும் படைத்தேவைகளுக்குப் போனதால் கறுப்பு வண்ணம் பூசிய கிராங்குகளும் கைப்பிடிகளும் வந்தன. அவற்றை 1947 இல் ஒருவர் கழற்றி எறிந்தார், இன்னொருவர் தேயும் வரை வைத்துக்கொண்டார். இருவரின் வண்டிகளும் அந்தக் காலத்துக்கு ஒரே அளவு உண்மையானவை.

ஒரே வண்டி ஒரே வாரத்தில் பல உருவங்களை எடுத்ததும் உண்டு. இங்கிலாந்தில் பொதுச்சாலைகளில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதைத் தேசிய சைக்கிள் ஓட்டுநர் சங்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கைவிட்டது. அதன் விளைவாக, ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் ‘டைம் டிரையல்’ முறையை எஃப். டி. பிட்லேக் 1895 இல் ஏற்படுத்தினார். காவல்துறையின் கண்ணில் படாமலிருக்க விடியற்காலையில், கறுப்பு உடையில், ஊர்ப்பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீட்டுப் பெயர் சூட்டப்பட்ட சாலைகளில் அது நடந்தது. பந்தய இடத்துக்குப் போவதற்கும் அதே சைக்கிள்தான்: மட்கார்டும் விளக்கும் சேணப் பையும் மாட்டி, முன் அச்சில் பொருத்திய சிறு தாங்கிகளில் மெல்லிய பந்தயச் சக்கரங்கள் இரண்டையும் இருபுறமும் கட்டிக்கொண்டு, இருட்டில் பல மைல் ஓட்டிப் போவார்கள், புல்வெளியில் மட்கார்டுகளைக் கழற்றி, சக்கரங்களை மாற்றி, பந்தயம் ஓட்டி, மீண்டும் எல்லாவற்றையும் பூட்டி வீடு திரும்புவார்கள், திங்கட்கிழமை காலை அதே வண்டி வேலைக்கும் போகும். 1942 ஜூனில் பெர்சி ஸ்டாலர்ட் லாங்கொல்லனிலிருந்து உல்வர்ஹாம்ப்டனுக்குக் கூட்டப் பந்தயம் ஒன்றை நடத்திச் சங்கத் தடைக்கு ஆளாகி, அதே ஆண்டில் அதற்குப் போட்டியாக இன்னொரு சங்கம் பிறந்த பின், ஐரோப்பியப் பாணியின் மீது ஆசை பரவியது. மூன்று கியர் ஹப் இருந்த இடத்தில் டெரெய்லர், அதாவது சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கியர், பூட்டுவதற்காகப் பழைய ஃபிரேமின் பின்முனைகளைச் சற்று அகட்டி, புதிய கொக்கிகளை ஒட்டி, அப்படியே மறுவண்ணமும் பூசித் தரச் சொல்லிக் கட்டியவரிடமே திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவும் நடந்த ஒரு பொருளில் எந்த நாளின் உருவத்தை ‘அசல்’ என்று பிடித்து நிறுத்துவது என்பதற்கு ஃபிரேம் எண் விடை சொல்வதில்லை. பாகத்தின் முதுகில் இருக்கும் எழுத்து அது ஆலையிலிருந்து வெளிவந்த நாளைச் சொல்லும். அது எந்தக் கடை அலமாரியில் எத்தனை ஆண்டு கிடந்தது, எந்த வண்டியில் முதலில் ஓடியது என்பதை அதனால் சொல்ல முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடங்களைக் குறித்து ஐரோப்பாவில் நடந்த வாதம் இங்கே தவிர்க்க முடியாமல் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டுக், மீட்டமைப்பு என்பது ஒரு கட்டடத்தைப் பழுதுபார்ப்பதோ பேணுவதோ அன்று, முன்பு எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்குக்கூட அதைக் கொண்டுவருவது என்று தயக்கமின்றி வரையறுத்தார். அதற்கு எதிர்முனையில் வில்லியம் மோரிஸ் 1877 இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவி, இடைப்பட்ட நூற்றாண்டுகள் சேர்த்தவற்றைச் சுரண்டி எடுப்பது வரலாற்றையே சுரண்டி எடுப்பது என்று வாதிட்டார். காலம் தப்பாத பாகங்களால் நிறைந்த லைட்வெயிட், வியொலே-லெ-டுக் சொன்ன முழுமைக்குக் கிட்டத்தட்டப் பிழையற்ற எடுத்துக்காட்டு. ஆனால் சைக்கிள் விஷயத்தில் மோரிஸின் பக்கம் முழுதாகச் சாய்வதும் எளிதன்று, ஏனெனில் தேவாலயம் நின்ற இடத்தில் நின்றுகொண்டே தேவாலயமாக இருக்க முடியும். சைக்கிள் ஓடினால்தான் சைக்கிள். ஓடுவதற்கு டயரும் பிரேக் கட்டையும் கேபிளும் சங்கிலியும் புதிதாக வேண்டும். தேய்ந்து மாறுவதற்கென்றே அமைந்த பாகங்களை மாற்றுவதில் எந்தத் துரோகமும் இல்லை. சிக்கல் அவற்றுக்கு அப்பால் தொடங்குகிறது.

சக்கரத்தை எடுத்துக்கொண்டால் அது தெளிவாகும். அந்நாளைய ஆங்கிலேய வழக்கப்படி முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருந்தன. ஐரோப்பாவின் பிற நாடுகளில் இரண்டிலும் 36. ஆகவே 40 துளை கொண்ட ஹப் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தாலும் அதற்கு 40 துளை ரிம் கிடைக்க வேண்டும், அதுவும் விட்டம் பொருந்தி. 1930களிலும் 40களிலும் பரவலாக இருந்த 26 அங்குலம் × 1¼ அளவின் டயர் உட்காரும் விட்டம் 597 மில்லிமீட்டர். பின்னர் அதன் இடத்தைப் பிடித்த 27 அங்குல அளவில் அது 630. பெயரளவில் அதே 26 அங்குலமாகத் தோன்றும் 26 × 1⅜ அளவில் 590. ஏழு மில்லிமீட்டர் வேறுபாடுதான், ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 597க்கு டயர் செய்பவர்கள் அருகிவிட்டதால், பழைய ரிம்மை வைத்துக்கொண்டு கிடைக்கும் ஓரிரு வகை டயர்களோடு ஓட்டுவதா, வேறு விட்ட ரிம்முக்கு மாறி பிரேக்கின் கரங்களையும் நீளமான அல்லது குட்டையான வேறொன்றாக மாற்றுவதா என்ற முடிவு வருகிறது. ஒரு ரிம்மை மாற்றினால் பிரேக், பிரேக்கை மாற்றினால் அதன் பிடி, பிடியை மாற்றினால் கைப்பிடியின் பருமன் என்று அது இழுத்துக்கொண்டே போகும். பழைய ரிம்மிலேயே புதுக் கம்பி கோத்துப் பெண்டு எடுப்பவர், அதாவது கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தைக் கோணலின்றி ஓடச் செய்பவர், ஒவ்வொரு கம்பி முனையிலும் பித்தளை நிப்பிளைத் திருகும்போது முந்தைய கை எங்கே அவசரப்பட்டது, எங்கே ரிம் ஒரு குழியில் அடிபட்டு மீண்டது என்பதையெல்லாம் உணர்கிறார். குழியால் விழுந்த அந்தச் சிறு தட்டை முழுதாகப் போகாது. போக்காமல் ஓட்டவும் முடியும்.

வண்ணத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மறுவண்ணம் பூசப்பட்ட ஃபிரேமில் முதல் நிறத்தைத் தேடும் இடங்கள் தெரிந்தவை: பின்பிரேக் பூட்டும் குறுக்குக் குழாயின் அடிப்பக்கம், ஃபோர்க் தண்டு ஃபிரேமுக்குள் மறையும் பகுதி, கிராங்க் அச்சுக் கூட்டின் உட்புறம். அங்கே சுரண்டினால் கறுப்புக்குக் கீழே நீலமும் நீலத்துக்குக் கீழே ஒளி ஊடுருவும் சிவப்பும் தெரியவரும். அந்தச் சிவப்பு வெள்ளி அடித்தளத்தின் மேல் பூசப்பட்டதால் வெயிலில் உள்ளிருந்து எரிவதுபோல் மின்னும் என்பதும், சூளையில் சுட்டு இறுக்கப்பட்டது என்பதும் புரியும். அதை மீட்பதற்கு மேலிருக்கும் இரண்டையும் இழக்க வேண்டும். நீலம் கட்டியவரே 1950களில் பூசித் தந்ததாக இருக்கலாம். கறுப்பு, ஓர் அண்ணன் தன் தம்பிக்குக் கொடுக்கும்போது தூரிகையால் அடித்ததாகவும் இருக்கலாம். எந்தக் கையை மதிப்பது என்பதில் பொதுவிதி ஏதும் கிடைப்பதில்லை. ஆனால் செய்யக்கூடாதவற்றில் சில உறுதியானவை: அரை மில்லிமீட்டர் சுவரில் மணல்வீச்சால் வண்ணம் உரிப்பவர் எஃகையும் சேர்த்து உரிக்கிறார், தூள் வண்ணத்தைத் தடிப்பாக ஏற்றினால், அரம் பிடித்தவர் நாள் முழுவதும் இழைத்துக் கூராக்கிய லக் ஓரங்கள் மழுங்கிப் போகும். துருவை மட்டும் கரைத்து வண்ணத்தைப் பெரிதும் விட்டுவைக்கும் ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஃபிரேமை ஊறவைத்து, எஞ்சியதன் மேல் மெழுகு தேய்த்து விடுவதே பல வேளைகளில் போதுமானது. அந்த ஃபிரேம் கண்காட்சியில் பரிசு பெறாது. ஆனால் முழங்கால் உரசி வண்ணம் தேய்ந்த மேற்குழாயும், பை தொங்கிய அடையாளமும் அதில் இருக்கும்.

பேணுவதன் பக்கம் நின்று பேசும்போது உயிர் சம்பந்தமான ஒன்றை மறைக்கக் கூடாது. விமான எஞ்சின்களுக்கென உருவான ஹிடுமினியம் என்ற அலுமினியக் கலவையில் ஜி.பி. நிறுவனம் செய்த பிரேக்குகளும் ஸ்டெம்களும் (கைப்பிடியை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகம்) அந்நாளைய பெருமிதங்கள்; அவற்றின் எடையும் வடிவமும் இன்றும் மகிழ்ச்சி தருபவை. ஆயினும் அலுமினியம் சுமையை மறப்பதில்லை. எஃகைப்போல் ஒரு வரம்புக்குக் கீழே எத்தனை முறை வளைந்தாலும் தாங்கும் தன்மை அதற்கு இல்லாததால், ஒவ்வொரு மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் சேர்ந்துகொண்டே இருக்கும். எழுபது ஆண்டு ஓடிய ஸ்டெம் முன்னறிவிப்பின்றி முறியலாம். காலத்துக்குப் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் அதை நம்பி இறக்கத்தில் இறங்குவது, பழையதன் மீதான அன்பில் சேராது. கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்னும் அப்படித்தான்: அரை நூற்றாண்டு இறுகிப்போன பின்னைச் சுத்தியலால் அடித்து வெளியேற்றினால் அந்த அடி அச்சின் வழியே பால்ரஸ் உருளும் கிண்ணத்தில் பள்ளமாகப் பதியும், எண்ணெயை ஊறவிட்டுப் பிழியும் கருவியால் மெல்ல அழுத்த வேண்டும், முதல் அசைவு ஒரு வெடிச்சத்தத்தோடு வரும். புதிய பின்னின் சரிவுத் தளத்தை அரத்தால் சிறிது சிறிதாக இழைத்து, இரு கிராங்குகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்வரை பொருத்திப் பொருத்திப் பார்ப்பதில் ஒரு பிற்பகல் போகலாம். இந்த இழைப்பில் பின்னின் தயாரிப்பு ஆண்டு எதுவாக இருந்தாலும், செய்யும் வேலை 1951 இல் செய்த அதே வேலைதான். காலத்துக்கு உண்மையாக இருப்பது என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்க முடியும் என்று தோன்றுகிறது.

பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வியில்தான் உறுத்தலின் வேர் இருக்கிறது. கனத்த ராடு பிரேக் வண்டியை மீட்டமைக்கும் ஆங்கிலேயருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் அந்த வண்டி இந்தியாவில் அருங்காட்சியகப் பொருளாகிவிடவில்லை: 28 × 1½ டயரும் ரிம்மும் இங்கே இன்னமும் செய்யப்படுகின்றன. ரெனால்ட்ஸ் ஆலையைத் தன் வசம் வைத்திருந்த பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தோடு கூட்டு சேர்ந்து 1949 இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளும் அந்தக் கனத்த மரபைச் சேர்ந்தவையே. லேசான 531இன் மரபு அந்தக் கூட்டோடு கடல் தாண்டி வரவில்லை. லைட்வெயிட்டின் பாகங்களோ ஒருமுறை செய்து நின்றுபோனவை. பெட்டி பிரிக்காமல் கடை அறையில் கிடந்த சரக்கு எப்போதாவது கிடைக்கலாம். சங்கத்தினர் சந்தைகளில் துணி விரித்து வைத்திருப்பவற்றில் கிடைக்கலாம். 1955 இல் தொடங்கிய பழஞ்சைக்கிள் சங்கத்தின் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்வதில் கிடைக்கலாம். செல்லுலாய்டு மட்கார்டு, அதுவும் வெடிக்காமலும் சுருங்காமலும் தப்பியது, அப்படித்தான் வரும். ஆனால் மிகப் பெரும் பங்கு இன்னொரு சைக்கிளிலிருந்துதான் வருகிறது. ஸ்டர்மி-ஆர்ச்சர் போருக்குப் பின் சில ஆண்டுகளே செய்த ஏ.எஸ்.சி. ஹப், பெடலைச் சுற்றாமல் சக்கரம் ஓடாத ஃபிக்ஸட் அமைப்பில் மூன்று கியர்களைத் தந்த விசித்திரம். அதன் விலை சில வேளை அது பூட்டியிருக்கும் வண்டியின் விலையைத் தாண்டிவிடும். பிறகு நடப்பதை ஊகிப்பது கடினமன்று. பெயர் பெற்ற ஒருவரின் ஃபிரேமுக்கு அந்த ஹப் தேவைப்படுகிறது. அது கிடைத்த வண்டியோ, ஏதோ ஒரு தொழிற்சாலை ஊரின் தெருமுனைக் கடையில், பழுதுபார்க்கும் வேலைக்கிடையே வாடிக்கையாளருக்காக அளவெடுத்துக் கட்டித்தந்த ஒருவரின் ஃபிரேம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஊர் தோறும் அப்படி ஒருவர் இருந்தார். ஹெட்சின்ஸ், கிளாட் பட்லர், பேட்ஸ் போன்ற பெயர்களுக்கு விலைப்பட்டியல்களும் ஆர்வலர் சேகரித்த எண் வரிசைகளும் உண்டு. தெருமுனைக்காரரின் கணக்குப் புத்தகம் கடை மூடிய அன்றே குப்பைக்குப் போயிருக்கும். அவர் எந்தக் கோணத்தில் ஃபோர்க்கைச் சாய்த்தார், யாருக்கு எவ்வளவு உயரத்தில் கட்டினார், வாங்கியவர் எந்தச் சம்பளத்தில் எந்த ஹப்பை வாங்கிப் பூட்டினார் என்பதற்கெல்லாம் அந்த வண்டி மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சியும் பாகங்கள் ஒன்றாக இருக்கும் வரையில்தான் பேசும். ஹப்பைக் கழற்றும் முன் ஃபிரேம் எண்ணையும், கட்டியவர் பெயர் எங்காவது எஞ்சியிருந்தால் அதையும், எந்தப் பாகம் எதனோடு இருந்தது என்பதையும் படமெடுத்து எழுதிவைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் இறுதியில் கழற்றத்தான் செய்கிறார்கள். புகழ்பெற்ற ஃபிரேம் தன் ஆண்டுக்குரிய ஹப்போடு முழுமை பெறுகிறது. சக்கரமும் கிராங்கும் சேணமும் போன மற்றதை, அதுவும் அதே 531 குழாயில் அதே பித்தளையால் ஒட்டப்பட்டதாக இருந்தபோதும், வாங்க வருபவர் பெரும்பாலும் இல்லை. அது பழைய இரும்பு விலைக்குப் போகிறது.